மூன்று நாள் மறைத்த சாவு

என் பாசமுள்ள அப்பா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். செத்தவரிடம் கோபப்படலாமா என்று கேட்காதீர்கள். உங்களிடம் இல்லாமல் வேறு யாரிடம் படுவேன்?

செவ்வாய்க்கிழமை நீங்கள் போனீர்கள். புதன்கிழமை அடக்கம். ஓமனில் கால்பந்து விளையாடப் போன எனக்கு வெள்ளிக்கிழமை பைனல் முடிந்த பிறகுதான் தெரியும். விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் திருவனந்தபுரம்! முட்டம் ஊரே உங்களுக்கு ஒரு பிடி மண் போட்டது, நான் போடவில்லை.

வியாழக்கிழமை நான் வீட்டுக்குப் பேசினேனே அப்பா. "அப்பா எங்கம்மா?" என்றேன். "மருந்து தின்னுட்டு படுத்துக் கெடக்காரு மக்களே" என்றாள் அம்மா. குரல் ஏன் கம்மியிருக்கிறது என்று கேட்டால், சளியாம். எப்படி மனசு வந்தது அவளுக்கு?

வந்ததும் வராததுமாக அண்ணன் சட்டையைப் பிடித்தேன். அவன் தட்டிவிடக்கூட இல்லை. "அப்பாதாம்லே சொன்னாரு. ஆஸ்பத்திரியில வச்சு எனக்க கையையும் அம்மாக்க கையையும் பிடிச்சு, 'அவனுக்க பைனல் முடியட்டு, அதுவரைக்கும் ஆரும் அவன விளிக்காண்டாம்'னு சத்தியம் வாங்கினாரு. நாங்க என்னலே செய்ய?" என்று அழுதான்.

என்னைக் கேட்காமல் அதை முடிவு செய்ய நீங்கள் யார்?

மாலத்தீவு, பூட்டான், ஓமன் என்று ஒன்பது வருஷத்தில் ஆறு கிளப் மாறினேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் உங்கள் போன் வரும். "மக்களே, முழுக்க ஆடினியா?" "ஆடினேம்ப்பா." அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மீன் ஏலம் போடுகிற இடத்தில், "எனக்க மவன் கோலுக்கு முன்னால பேக்குல நிக்கல்லேன்னா எதிர் டீமுக்கு கோல் மழதான்" என்று அளப்பீர்களாம்.

அப்பா, அந்த பைனலில் நான் இறங்கவே இல்லை. தொண்ணூறு நிமிஷமும் பெஞ்சில் இருந்தேன். முட்டி போனதிலிருந்து இரண்டு வருஷமாக அப்படித்தான். முழுக்க ஆடினேன் என்றதெல்லாம் பச்சைப் பொய். லீவு கேட்டிருந்தால் அந்த நிமிஷமே விட்டிருப்பார்கள். அங்கே என்னைத் தேட ஆளில்லை.

இப்போது கோயில் முக்கில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். "தந்தையின் மரணத்திலும் தளராமல் களம் கண்ட சிங்கமே!" எனக்கு ஆளுயரப் படம், உங்களுக்கு மூலையில் ஸ்டாம்பு அளவு. மானங்கெட்ட பயல்கள்! எனக்கே தெரியாத மரணத்தில் நான் எங்கே தளர? நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்ததும் பொன்னாடை வேறு போடப்போகிறார்களாம்.

கிழித்தெறியப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "விடு மக்களே. அப்பாக்க ஆசய நாம காத்தோம்லா, அது போதும்" என்றாள். அந்த நினைப்பில்தான் அவளுக்கு இரண்டு வாய் சோறு இறங்குகிறது. அதையும் நான்தான் பிடுங்க வேண்டுமா?

பிடுங்கத்தான் வேண்டும் அப்பா. உங்களை ஏமாற்றியது போதும். பூசைக்கு முந்தின நாளே நான் ஆடாததை அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிடுவேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். மறுநாள் பொன்னாடையைத் தொடமாட்டேன், மைக்கைப் பிடித்து ஊருக்கும் சொல்வேன். அவர்களிடம் சத்தியம் வாங்கினீர்கள், காத்தார்கள். என்னிடம் நீங்கள் எதுவும் வாங்கவில்லை. நானாகவே இந்தச் சத்தியத்தைத் தருகிறேன்.

உங்கள் அடக்கத்துக்கு வந்திருக்கக்கூடிய,
உங்கள் இளைய மகன்,
ஆன்றோ