சூடு என்றாயே, நைனா

என் ஆசை நைனாவுக்கு,

இன்று எங்கள் ஆய்வகத்தில் ஒரு எலியின் பெருங்குடலில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. கடுகைவிடச் சின்னக் கட்டி. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டன. ஒளியைப் பாய்ச்சியதும் அந்த இடம் மட்டும் திரையில் மின்னியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் வெளியே போய் அழுதேன்.

"டியூட்டி டைம்ல இன்னாத்துக்கும்மா அழுவுற?" என்றிருப்பாய்.

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் உலைக்கு முன்னால் நின்றே வாழ்ந்தவன் நீ. மலத்தில் ரத்தம் வந்தபோது, "சூடும்மா. ஒலைகிட்ட நிக்கிறவனுக்கு வராதா?" என்றாய். உன் கூட்டாளிகளுக்கும் அந்த ஒரே பதில்தான். "இன்னாபா, ஒனுக்கும் செவப்பு லைட்டு எரிஞ்சுதா?" என்று சிரித்தபடி ஊறவைத்த வெந்தயத்தைப் பங்குபோட்டுத் தின்பீர்கள். ஆலை மருத்துவ அறையில் மூலத்துக்குக் களிம்பு கொடுத்து அனுப்பினார்கள்.

வயிறு அடைத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே பார்த்தார்கள். அதற்குள் புற்று ஈரல்வரை போயிருந்தது.

என் துகள்கள் மனிதர்களுக்கு வர இன்னும் எத்தனையோ சோதனைகள் பாக்கி. ஆனால் உனக்கு அவை தேவைப்பட்டிருக்காது. கேமரா வைத்த குழாய் நான் பிறக்கும் முன்பே இருந்தது. அதை ஏன் யாரும் உனக்குச் சொல்லவில்லை? உங்கள் ரத்தத்தைப் பார்த்தே சிரிக்க உங்களை யார் பழக்கியது?

இன்னொன்று. உன் உலையில் இப்போது அண்ணன் நிற்கிறான். போன வாரம் அவன் தலைமாட்டில் வெந்தயக் கிண்ணம் பார்த்தேன்.

"எத்தினி நாளா?"

"சூடுடி. நீ போயி எலியப் பாரு."

"நைனாவும் இதையேதான் சொல்ச்சு."

கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பிறகு மெதுவாக, "கொயாய் உடுவாங்களா? பின்னாலயா?" என்றான்.

"வேற எங்க?"

"மில்லுல எவன்கிட்டயும் சொல்லிடாத. ஓட்டியே சாவடிச்சிருவானுங்க."

செவ்வாய்க்கிழமை முதல் ரயிலில் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். உள்ளே என்ன தெரியுமோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறை நேரத்தோடே பார்த்துவிடுவோம்.

அவனைப் பற்றி ஆலையில் சொல்லமாட்டேன். உன்னைப் பற்றிச் சொல்வேன். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வாசலில் நின்று, உன் பெயர் சொல்லி, ரத்தம், களிம்பு, எதையும் மறைக்காமல் சொல்வேன். உனக்கு வெட்கமாக இருக்கும், தெரியும். பொறுத்துக்கொள், நைனா.

தினமும் உனக்கு வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்த
உன் மகள்