நாலாம் நம்பர் பூ

தம்புள்ளை
12.03.2007

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் மீனம்மா அண்ணியும் சுகமா? நான் சுகம், இந்த வெயில்தான் ஆளை வறுக்கிறது.

இத்துடன் ஐந்து வகை சூரியகாந்தி விதை வருகிறது. இதன் எண்ணெயை டீசலாக்கி லொறி ஓட்டுவது எங்கள் கம்பெனியின் யோசனை. மலைநாட்டுக்கு எந்த வகை ஏற்றது என்று பார்க்க வேண்டும். நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் உங்கள் மரக்கறிப் பாத்தியில் வகைக்கு ஒரு வரிசை போடுங்கள். உரமும் வேண்டாம், செல்லமும் வேண்டாம். மழையிலும் பனியிலும் அதுவாக நிற்கட்டும்.

நாலாம் நம்பர், செடி செடியாகப் பார்த்து நானே தெரிவு செய்த வகை. அது வென்றால் என் வேலை நிரந்தரமாகும். நீங்கள் படிப்பை விட்டு என்னைப் படிக்க வைத்ததற்கு ஒரு பலன் வேண்டாமா?

உங்கள் தங்கை,
நிஷாந்தி

அக்கரப்பத்தனை
29.07.2007

என் செல்லத் தங்கச்சிக்கு,

உன் நாலாம் நம்பர்தான் ராஜா! பூ ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். ஒன்று, மூன்று, ஐந்து எல்லாம் மழையில் அழுகிவிட்டன. இரண்டாம் நம்பர் மட்டும் சின்னப் பூவாகத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறது, பார்க்கவே பாவம். விதையை நம்பர் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

"நம்ம நிஷா இனி கம்பெனி ஜீப்புலதான் வருவா பாருங்க" என்கிறாள் அண்ணி. ஜீப் இருக்கட்டும், மாதம் ஒரு கடிதம் போட்டால் கை தேய்ந்துவிடுமா உனக்கு?

அண்ணன்,
செல்லசாமி

தம்புள்ளை
18.01.2008

அன்புள்ள அண்ணா,

வேலை நிரந்தரமாகிவிட்டது! நாலாம் நம்பரையே எடுத்துக்கொண்டார்கள். நம் தேயிலைத் தோட்டமும் இந்தக் கம்பெனியுடையதுதானே, முதல் நடவு அங்கேதான். லயத்தில் மற்றப் பதினொரு வீட்டு மரக்கறித் தோட்டமும் வேண்டுமாம், விளைச்சலில் பங்கு தருவார்களாம். நீங்கள் சொன்னால் கேட்பார்கள், பேசிப் பாருங்கள். பொங்கலுக்கு வராததற்குக் கோபிக்க வேண்டாம்.

நிஷாந்தி

அக்கரப்பத்தனை
30.07.2008

அன்புள்ள தங்கச்சிக்கு,

பூவெல்லாம் அழுகிவிட்டது. வானத்தைப் பார்த்து நின்று மழையைக் குடித்த பூ, தொட்டால் கூழாகக் கையில் வருகிறது. வீரய்யா அண்ணன் லீக்ஸ் போட்டிருந்த இடம், பொன்னையா கிழங்கு போட்டிருந்த இடம். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய இடம்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன் அம்மா. போன வருஷம் விதை கட்டும் நேரத்தில் மழை பிடித்தது. அண்ணி கொழுந்து பறிக்கப் போகையில் நனையாமல் இருக்க இடுப்பில் கட்டும் பழைய படங்கை வெட்டி, நாலாம் நம்பர் பூ ஒவ்வொன்றுக்கும் தொப்பி தைத்துப் போட்டேன். உன் பூ நனைவதை என்னால் பார்க்க முடியவில்லை. தொப்பி இல்லாமல் மழைக்கு நின்றது இரண்டாம் நம்பர்தான்.

தப்பு என்னுடையது. கம்பெனியில் சொல்லி, தோட்டங்களையாவது திருப்பித் தரச் சொல்.

செல்லசாமி

தம்புள்ளை
14.08.2008

அண்ணா,

படங்கு விஷயத்தை யாரிடமும் பேசாதீர்கள். இப்போது தெரிந்தால் என் வேலை போய்விடும். இரண்டாம் நம்பரை அடுத்த வருஷம் நானாகக் கண்டுபிடித்ததுபோல் எழுதிக்கொள்கிறேன். அறிக்கை அனுப்பியாயிற்று. ஏதாவது ஒரு காரணம் எழுதத்தானே வேண்டும்? யார் பெயரையும் போடவில்லை.

எனக்காக எவ்வளவோ செய்தீர்கள். இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடுங்கள்.

நிஷாந்தி

அக்கரப்பத்தனை
02.09.2008

மதிப்புக்குரிய ஆராய்ச்சி உத்தியோகத்தர் அவர்களுக்கு,

காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, தோட்டத்துத் துரை உங்கள் அறிக்கையை வாசித்தார். தொழிலாளர்களின் சோம்பலாலும் கவனக்குறைவாலும் பயிர் அழிந்ததாம். பெயர் எதுவும் இல்லை, உண்மைதான். பதினொரு வீட்டாரும் தங்கள் பெயராகவே அதைக் கேட்டுக்கொண்டார்கள்.

"நம்ம புள்ளையா இப்புடி எழுதுச்சு?" என்று வீரய்யா அண்ணன் என்னைக் கேட்டார். நீ பல்கலைக்கழகம் போன அன்று உன் பெட்டியைத் தலையில் வைத்து பஸ் வரைக்கும் சுமந்தவர் அவர்.

அங்கேயே எல்லோர் முன்னாலும் படங்கு விஷயத்தைச் சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை, அதோடு சேர்த்துத் துரையிடம் கொடுத்துவிட்டேன். கம்பெனிக்கு அனுப்புகிறாராம். தோட்டம் மட்டும் திரும்பி வராதாம், அங்கே நடுவதற்கு யூகலிப்டஸ் கன்று வந்து இறங்கிவிட்டது.

தீபாவளிக்கு வர வேண்டாம். நம்முடையது கடைசி வீடு. பதினொரு வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஆ. செல்லசாமி