ஆமணக்கு நின்ற வரப்பு

14-10-1942
இன்று புதன்கிழமை. எனக்கு அறுபத்து மூன்று வயதும் நான்கு மாதமும்.

ஈரம் காய்வதற்குள் சுந்தரபாண்டியத்துக் கரிசலில் விதைப்பை முடித்தாயிற்று. பருத்தி, ஊடே சோளம், துவரை, தட்டைப்பயறு. வரப்பைச் சுற்றி ஆமணக்கு. சென்னையில் குண்டு விழுமென்று தம்பி வில்சன் அனுப்பிவைத்த அவன் மகள் இன்பமும் மகன் நேசையனும் முழங்கால் சேற்றோடு நின்றார்கள். கல்லூரிப் பிள்ளைகள், துவரை மரத்தில் காய்க்குமா என்று கேட்டவர்கள்.

பக்கத்துப் புஞ்சை சங்கரலிங்கம் பருத்தி மட்டுமே போடுபவர். "டீச்சரம்மா, எம்புட்டு சாமானத்தத்தான் ஒரே புஞ்சையில போடுவிய? கல்யாண வீட்டு அவியலா?" என்றார்.

"ஒங்க வீட்டு உலையில பஞ்சையா போடுதிய?" என்றேன்.

3-11-1942
வில்சன் எழுதியிருக்கிறான்: இம்முறையும் மகசூல் மெலிந்தால் புஞ்சை சங்கரலிங்கத்துக்குக் குத்தகை; முதுமையில் உன்னால் ஏலாது. நிலத்தில் பாதி அவன் பங்கு. முதுமை முழுவதும் என் பங்கு.

"அத்தை, ஏன் ஒவ்வொரு இலையையும் தடவிப் பாக்கறீங்க?" என்று நேசையன் கேட்டான். பழக்கம் என்றேன்.

12-12-1942
நாசம்.

ஆமணக்கிலை சல்லடையாகக் கிடந்ததாம். நோய் பரவுமென்று பிள்ளைகள் இருவரும் வரப்பு முழுவதும் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். புழுவெல்லாம் பருத்திக்கு ஏறிவிட்டது. புழு தின்னட்டும் என்றுதானே ஆமணக்கையே நட்டது! பந்தியில் இலையை உருவினால், விருந்தாளி பக்கத்து இலைக்குப் போகமாட்டானா? — இதை நான் அவர்களுக்குச் சொன்னேனா? இல்லை. எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பது பட்டதாரிகளின் வியாதி.

களையெடுக்க வந்த வெள்ளத்தாய், "ஏட்டி இன்பம், ரெண்டு படிச்ச புள்ளைக போதும், வெட்டுக்கிளியே வேண்டாம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வரப்புலதான நின்னிய? ஒரு சத்தம் குடுக்கக்கூடாதா?"

குனிந்து பருத்தி இலைகளைத் தடவத் தொடங்கினேன்.

13-12-1942
இன்பம் சாப்பிடவில்லை. "நான் மெட்ராஸுக்கே போறேன் அத்தை."

"போ. புழுவைப் பொறுக்கிவிட்டுப் போ."

20-12-1942
புழு பொறுக்கினோம்.

18-3-1943
பருத்தி பாதிதான். ஆனால் சோளம் களத்தை நிறைத்தது. துவரையும் பயறும் வீட்டுத் தேவைக்கு மேல். பர்மா அரிசி நின்றதிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளில் தானியம் இல்லை. சங்கரலிங்கம் சாக்கோடு வந்தார். "பஞ்சு கெடக்கு டீச்சரம்மா, கஞ்சிக்குத்தான் வழியில்ல."

"அவியலுக்கா?" என்றேன். அவரே சிரித்துவிட்டார். நேசையன் அளந்து போட்டான்.

2-4-1943
பிள்ளைகளை அழைத்துப்போக வில்சன் வந்தான். களத்தைச் சுற்றிப் பார்த்தான். குத்தகைப் பேச்சை எடுக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அப்படியே கிடந்திருக்கும்.

"இனி வரமாட்டேன் என்கிறாய்; இங்கே பிடித்திருந்தது என்றாயே, இன்பம்?" என்று அவன் கேட்டபோது, இன்பம் பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்: "பிடிச்சிருந்துதுப்பா. ஆனா நான் ஆமணக்கைப் பிடுங்கறப்ப அத்தை வரப்புல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. தடுக்கல. எனக்குப் பரீட்சை வெச்சாங்க. தோத்துட்டேன்."

எந்தப் பரீட்சை! முப்பது வருடம் வைத்துச் சலித்தவள் நான்.

வில்சன் முன்னிலையிலேயே சொன்னேன். அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். இன்பம் என் முகத்தருகே வந்து இரு கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள், பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள், "ஆமணக்கு விதை எங்க இருக்கு?" என்றாள்.

அவளிடம் சொன்னதை, இந்த ஏட்டுக்கும் இதுவரை சொல்லாததை, எழுதி வைக்கிறேன். இடக்கண் போய் இரண்டு வருடமாகிறது; வலக்கண்ணுக்கு எட்டடிக்கு அப்பால் எல்லாம் புகை. அன்று வரப்பில் நின்ற எனக்கு, அவள் பிடுங்கியது தெரியவில்லை.