விலை பேசாத நாட்கள்

1939 ஜனவரி 11
அருமனைக்குக் குலை ஏற்ற வண்டி அனுப்ப மறந்தேன். இந்த மாதத்தில் இரண்டாவது தடவை. வாழைக்குலை முழுவதும் தோப்பிலேயே பழுத்து வவ்வாலுக்குப் போயிற்று. வேதக்கோயிலில் பிரசங்கம் முடிவதற்குள் நாலு தடவை எழுந்து வெளியே போகிறவன் நான். ஐம்பது வயதில் திருந்துவேனா?

அக்கா மகன் செல்வதாஸ் சீமையில் படித்துத் திரும்பிய டாக்டர். ஒரு குப்பி மாத்திரை தந்தான். "மாமாவுக்குப் புத்தி கொறவில்ல. அது ஒரெடத்துல இருக்க மாட்டேங்கு, அவ்வளவுதான்."

ஜனவரி 13
காலையில் ஒன்று விழுங்கினேன். உச்சி வரை நாற்காலியை விட்டு எழவில்லை. பாக்கி கிடந்த கடிதம் எல்லாம் எழுதி முடித்தேன். தலைக்குள் சந்தை கலைந்ததுபோல் இருக்கிறது. பசியில்லை.

ஜனவரி 28
வடசேரிச் சந்தை. சுசீந்திரம் சிவதாணு குலை இறக்கினார். இருபது வருஷமாக நானும் அவரும் ஏசாமல் ஒரு குலை கை மாறியதில்லை. இன்று அவர் சொன்ன விலைக்கே தலையாட்டினேன். நியாயமான விலைதான். வீண்பேச்சு எதற்கு?

அவர் முகம் கறுத்துவிட்டது. "ஓய் ரசலையன், நம்மகிட்ட என்ன பெணக்கம் வேய்? மூஞ்சிக்கு நேர சொல்லும்."

பிணக்கம் ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை.

பிப்ரவரி 6
வண்டிகள் நேரத்துக்குப் போகின்றன. சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 19
நேசபாய் சொன்னாள்: "நீங்க என்னைய ஏசி ஒரு மாசமாச்சு. யாருக்கு வாக்கப்பட்டேன்னு எனக்கே தெரியல்ல."

ஏசாதது ஒரு குறையா? கேட்டேன். அடுக்களைக்குப் போனாள். எனக்கு வருத்தமில்லை. வர வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

மார்ச் 7
பூங்கனி அக்கா இறந்துபோனாள். அப்பன் இல்லாத என்னைத் தலைச்சுமையாகக் குலை விற்று வளர்த்தவள்.

பெட்டி, குழி, பாதிரியார், உறவுக்கு ஆள் அனுப்புவது – ஒன்றும் விட்டுப்போகவில்லை. எல்லாரும் மெச்சினார்கள். பெட்டியை மூடும்போது ஒரு ஆணி வளைந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண் காய்ந்து கிடந்தது.

மார்ச் 9
செல்வதாஸிடம் கேட்டேன். மருந்தினாலா, இல்லை நானே இப்படித்தானா?

தாயைப் பறிகொடுத்தவன். கண் வீங்கியிருந்தது. "மருந்தாத்தான் இருக்கும் மாமா. வேண்டாம்னா நிறுத்தும். ஆனா வண்டி மறக்கும், பாத்துக்கிடும்."

அக்காவுக்கு அழாமல் இருக்க முடிகிறதே. இது என்ன பிழைப்பு?

மார்ச் 10
மாத்திரை விழுங்கவில்லை. பகலெல்லாம் தூங்கினேன்.

மார்ச் 18
வடசேரி. சிவதாணு விலை சொன்னார். என்னையறியாமல் வாயில் வந்தது: "மட்டிக் குலையா வேய் இது? கோழி வெரலுல்லா தொங்குது!"

"ஆளு வந்துட்டாருடே!" சந்தைக்கே கேட்கக் கத்தினார். "கோழி வெரலுன்னா உமக்கு எதுக்கு ஓய்? போயி கோழியை வாங்கும்!"

உச்சி வரை ஏசிக்கொண்டோம். விலை படிந்ததும் ஒரு சீப்பை அறுத்துக் கையில் திணித்தார். "உம்ம அக்காளுக்கு மட்டிப்பழம்னா உயிருல்லா. கொண்டு குடும்." அவருக்குச் சாவுச்செய்தி போகவில்லை – ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று எழுதியிருக்கிறேனே!

சீப்பும் கையுமாக நடுச்சந்தையில் நின்று அழுதேன். சின்னப்பிள்ளைபோல, ஏங்கி ஏங்கி. சிவதாணு தன் துண்டை எடுத்துத் தந்தார்.

வீட்டில் அதைத் தோளிலிருந்து எடுக்கும்போதுதான் – அட பாவி, அருமனை வண்டி.