சத்தம் போடாத பிள்ளை

திருகோணமலை ஆஸ்பத்திரி,
11.08.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். அப்பாவின் கால் எப்படி இருக்கிறது? இந்த வாட்டில் போன் பாவிக்க விடமாட்டார்கள். அதனால்தான் வெறும் சாப்பாட்டுப் பைக்குள் இந்தக் கடிதத்தை வைத்து இவரிடம் கொடுத்துவிடுகிறேன். புட்டு நல்ல மெதுமை. ஆனால் மீன் பொரியல் இனி வேண்டாம், தாதி மிஸ்ஸி ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்.

அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது. பிரசவ அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்கிறேன். முதல் பிள்ளையைப் பறிகொடுத்ததும் அதே அறையில்தானே. துணைக்கு ஒரு பெண் நிற்கலாம் என்று கிண்ணியாவிலிருந்து வரும் லைலா மிஸ்ஸி சொன்னார். நீங்கள் வருவீர்களா?

உங்கள் அன்பு மகள்,
கௌசிகா

சம்பூர்,
12.08.2024

அன்பு மகளுக்கு,

மருமகன் கடிதத்தைத் தந்தார். அந்த மிஸ்ஸியின் மூக்குக்கு என்ன கறி பிடிக்கும் என்று கேட்டுச் சொல், சமைத்து அனுப்புகிறேன்.

அப்பாவுக்குக் கதிரையிலிருந்து எழும்பவே ஆள் வேண்டும். அவரை விட்டு நான் எப்படி வருவது? உலகத்தில் எல்லாப் பெண்களும்தான் பிள்ளை பெறுகிறார்கள். வீணாகப் பயந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

முன்பு சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். என்ன வலி வந்தாலும் வாயைத் திறக்காதே. கத்துகிற பெண்களை அங்கே யாருக்கும் பிடிக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு கிட. பத்திரகாளி அம்மன் பார்த்துக்கொள்வாள்.

அம்மா

திருகோணமலை ஆஸ்பத்திரி,
13.08.2024

அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன், கோபிக்காதீர்கள்.

போன முறை நீங்கள் சொன்னபடியேதான் கிடந்தேன். இடுப்பு பிளக்கிற மாதிரி வலித்தபோது முகம் துடைக்கிற துவாயை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி குளறிக் கத்தினாள், எல்லாரும் அவளிடம் ஓடினார்கள். என்னைப் பார்த்த மிஸ்ஸி, "இந்தப் பிள்ளை பேசாமல் கிடக்குது, இவவுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது வயிற்றில் பிள்ளைக்குத் துடிப்பு இல்லை.

எல்லாரும் விதி என்றீர்கள். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு விடுகிற அன்று ஆஸ்பத்திரிப் படிவத்தோடு ஒரு பெண் வந்து, "இங்கை பாத்த விதம் திருப்தியா அக்கா?" என்று கேட்டார். "ஓம், நல்லாப் பாத்தவை" என்றேன். வேறென்ன சொல்வது? அடுத்த பிள்ளைக்கும் இங்கேதானே வரவேண்டும்.

"நோவு வந்தா சத்தமாக் கூப்பிடுங்க மகள்" என்று லைலா மிஸ்ஸி சொல்லிக்கொண்டே இருக்கிறார். கூப்பிடத்தான் நினைக்கிறேன். ஆனால் வாயைத் திறக்கப் போனால் உங்கள் குரல்தான் காதுக்குள் கேட்கிறது. இன்று காலையிலிருந்து அடிவயிறு இறுக்கி இறுக்கி விடுகிறது. இந்தப் பிள்ளையும் போய்விடுமா அம்மா?

கௌசி

ஆஸ்பத்திரி வாசல்,
13.08.2024, பின்னேரம்

என் தங்கமே,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இன்னும் ஏனப்பா இங்கை நிக்கிறாய்? போ!" என்று கத்தினார். சின்னம்மாவை அவரோடு விட்டுவிட்டு, மருமகனின் மோட்டார் சைக்கிளிலேயே வந்துவிட்டேன்.

நான் ஏன் வாயை மூடச் சொன்னேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இதே ஆஸ்பத்திரியில் உன்னைப் பெறும்போது நான் குளறினேன். மிஸ்ஸி ஒருத்தி தொடையில் ஓங்கி அறைந்து, "புருசனோட படுக்கேக்க இப்பிடிக் கத்தினியா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டாள். அடி மறந்துபோயிற்று. அந்தக் கேள்வி மறக்கவில்லை. அது உனக்கும் வரக்கூடாது என்றுதான் சொன்னேன். நான் சொன்னது என் பேரப்பிள்ளையையே கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியாது, பிள்ளை.

உள்ளே விடக் கொஞ்சம் நேரமாகுமாம். லைலா மிஸ்ஸிக்கு ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உனக்கு வலி கூடிவிட்டது என்று இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் அட்டென்டன் பிள்ளை சொல்கிறாள். இந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே எனக்கு அந்தக் கேள்விதான் கேட்கிறது. ஆனாலும் வருவேன்.

நான் வந்து சேருவதற்கு முன் வலித்தால் கத்து. குளறு. யாராவது அறையக் கை ஓங்கினால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கத்து. வாசல் கேற்றடியில் நிற்கிற எனக்குக் கேட்கவேண்டும்.

அம்மா