உனக்குக் கேட்ட விசில்

மச்சான்,

இன்று கிளிநொச்சியில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். என் பழைய விசில் வெடிப்பு விட்டுவிட்டது. கடைக்காரர் புதிதாக வந்த ஒன்றை எடுத்து ஊதிக் காட்டினார். உள்ளே சின்ன உருண்டை இல்லாத வகை. கீச்சென்று காதுக்குள் ஏறியது. வீதியில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. நீ திரும்பியிருக்க மாட்டாய்.

எலிக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு உன் வயலில் அடுத்த போக நெல்லும் வெட்டி முடிந்துவிட்டது.

முரசுமோட்டை உதைபந்தாட்ட ரீமுக்கு நீ பின்வரிசையில் ஆடிய நாட்களில், நடுவர் ஊதிய பிறகும் பந்தைக் கொண்டு ஓடுகிறவன் என்றுதான் உனக்குப் பெயர். எத்தனை மஞ்சள் அட்டை! சனம் கூவும், நீ சிரித்துக்கொண்டு நிற்பாய். அப்போதுதான் நடுவராகத் தொடங்கியிருந்த எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருநாள் உன் சைக்கிளை மறித்துக் கேட்டேன்.

"ஷெல் விழுந்த நாளில இருந்து கீச்சுச் சத்தம் ஒண்டும் கேக்காது மச்சான். கதைச்சாக் கேக்கும். மற்றவங்கள் நிக்கிறதைப் பாத்துத்தான் நானும் நிக்கிறனான். பந்து என்ர காலில இருந்தா எங்க பாக்கிறது?"

"அதைச் சொல்லித் துலையனடா!"

"சொன்னா ரீமில வச்சிருப்பாங்களே? திமிர் பிடிச்சவன் எண்டு சொல்லட்டும். செவிடன் எண்டு மட்டும் சொல்லக் கூடாது. நீயும் ஒருத்தருக்கும் சொல்லாத."

அதன் பிறகுதான் விசில் தேடினோம். அறுவடை முடிந்த வயலின் மற்ற முனையில் நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். இரவல் வாங்கி வந்த விசில்களை மாறி மாறி ஊதினேன். ஒவ்வொரு தடவையும் தூக்கினாய். சந்தேகம் வந்து, ஊதாமல் சும்மா நின்று பார்த்தேன். அப்போதும் தூக்கினாய். கள்ளன்! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிய அழுகை வந்தது. கடைசியாக, உருண்டை உருளும் கறுத்தப் பிளாஸ்டிக் விசிலை ஊதினேன். தடித்த, கரகரத்த சத்தம். நீ கையைத் தூக்கவில்லை. அப்படியே திரும்பி, "டேய், இது கேக்குதடா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாய்.

அதற்குப் பிறகு நான் ஊதினால் நீ உடனே நின்றாய். உனக்கு என்னில் பயம் என்று சனம் நினைத்தது. மற்ற நடுவர்கள் என்னை பஸ் கொண்டக்டர் என்று பகிடி பண்ணினார்கள். இன்னும் விட்டபாடில்லை.

இன்றும் அந்தக் கரகரத்த விசிலையே கேட்டு வாங்கினேன். நீ இல்லைத்தான். ஆனால் எங்கள் வயதுக்காரர் இன்னும் ஆடுகிறார்கள். அவர்களில் யார் யார் மற்றவனின் காலைப் பார்த்து நிற்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மிச்சக் காசைத் தரும்போது கடைக்காரர் உன் கதையை எடுத்தார். அவரும் உன் ஆட்டம் பார்த்தவர்.

"செத்த ஆளைப் பற்றிச் சொல்லக் கூடாது. எண்டாலும் அண்ணை, உங்களைத் தவிர வேற ஒரு நடுவருக்கும் அடங்காத ஆள். சரியான திமிர், என்ன?"

விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"ஓம்," என்றேன். "சரியான திமிர் பிடிச்சவன்."