கேட்காத கேள்விக்குப் பதில்

பிப்ரவரி 6

துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புத் திறப்பு விழா. அமைச்சரின் உரையை அரைப் பக்கமாகக் குறைத்து, எழுத்தையும் பெரிதாக்கிக் கொடுத்திருந்தேன். அப்படியும் இரண்டாவது பத்தியை இரண்டு தடவை படித்துவிட்டார். கூட்டம் இரண்டு தடவையும் கைதட்டியது. கூட்டத்தைப் போல நல்லவர்கள் யாரும் கிடையாது.

கீழே இறங்கியதும் நிருபர்களிடம், "முக்கியமான அறிவிப்பு, அதனால அழுத்திச் சொன்னாங்க" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

காரில் ஏறியதும் கேட்டார்: "தம்பி, இன்னிக்கு எப்படி?"

"நல்லா இருந்துச்சுக்கா."

வெளியே மேடம், காருக்குள் அக்கா. நிருபர் வேலையை விட்டுவிட்டு இவருக்குச் செய்தித் தொடர்பாளனாக வந்த நாளிலிருந்து இப்படித்தான்.

பிப்ரவரி 9

விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். டாக்டர், அக்காவின் கணவர், நான். மறதி இனி கூடிக்கொண்டேதான் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது:

"எனக்கே தெரியாமப் போற நாள் ஒண்ணு வரும். அன்னிக்கு 'அக்கா, போதும்'னு நீதான் எங்கிட்ட சொல்லணும். இவர் சொல்ல மாட்டார், பாசம். கட்சி சொல்லாது, அதுக்கு ஓட்டு வேணும். நீ சொல்லுவ."

சொல்கிறேன் என்றேன். அப்போது எளிதாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 17

இன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பிப்ரவரி 20

இப்போது என் வேலை இதுதான். அக்காவுக்கு அரை அடி பின்னால் நடப்பேன். எதிரே யார் வந்தாலும் பெயரை முணுமுணுப்பேன். உட்கார்ந்து பேட்டி கிடையாது. வாசலில் நின்றபடி இரண்டு வாக்கியம், பிறகு "மன்னிக்கணும், நேரமாச்சு". இத்தனையும் பூசி மெழுகத் தெரிந்த எனக்கு இன்று வேர்த்துவிட்டது. அக்கா நிதியமைச்சரைப் பார்த்து, "வாங்க டாக்டர், ரிப்போர்ட் வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டார்.

"நிதி நிலைமை அப்படி, டாக்டர்தான் பாக்கணும்" என்று நான் குறுக்கே புகுந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், கொக்கியைத் தவிர. அவன் ஒரு நாளிதழ் நிருபன்; எதைக் கேட்டாலும் ஒரு வளைவு வைத்துக் கேட்பான் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. ஒரு காலத்தில் எனக்குப் பக்கத்து மேஜை.

மார்ச் 3

மனைவியிடம் இன்று எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு வார்த்தைதானே? சொல்லிடுங்க."

"ஜூன்ல தேர்தல். அது முடியட்டும்."

"யாருக்காக முடியணும்? அவங்களுக்கா, உங்களுக்கா?"

எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன். அமைச்சர் போனால் அன்று சாயங்காலமே நானும் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். இந்த வயதில் எவன் என்னைச் சேர்த்துக்கொள்வான்? இதைத்தான் கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான், அவள் கேட்டதற்குப் பதிலே அதுதான் என்று உறைத்தது. அவள் போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இருவரும் மடித்தோம்.

மார்ச் 11

அக்காவுக்கு இன்று நல்ல நாள். பழைய மாதிரி கோப்பு கோப்பாகக் குறை கண்டுபிடித்து எல்லோரையும் கிழி கிழி என்று கிழித்தார். பொறியாளர் ஒருவர் ஏதோ சப்பைக்கட்டு கட்டப் போய் வசமாக வாங்கிக்கொண்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"தம்பி, இன்னும் நேரம் வரலையே?"

"வரலக்கா."

"நிஜமாத்தானே?"

"நிஜமா."

நிம்மதியாகச் சிரித்தார். ஊருக்கெல்லாம் சொல்கிற பொய்யில் எனக்கு உறுத்தல் இருந்ததில்லை. அது தொழில். இது — இது என்ன? அந்தச் சிரிப்பு கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மார்ச் 19

முடிந்தது. என் வாயாலேயே முடித்துவிட்டேன்.

வழக்கமான செய்தியாளர் சந்திப்பு. அக்காவின் உடல்நிலையைப் பற்றிக் கொக்கி எங்கெங்கோ விசாரிக்கிறான் என்று காலையிலேயே காதில் விழுந்தது. அவன் கேட்டால் என்ன சொல்வதென்று கழிவறைக் கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அறைக்குள் போனேன். அவன் எழுந்தான். ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்பது மண்டையில் ஏறவே இல்லை. அவன் எழுந்ததை மட்டும்தான் பார்த்தேன்.

"அமைச்சர் பூரண நலத்துடன் இருக்கிறார். அவருடைய நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லை."

கொக்கி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது பரிதாபம் என்றுதான் நினைக்கிறேன்.

"நான் லிப்டைப் பத்திக் கேட்டேன். புதுக் குடியிருப்புல லிப்ட் எப்ப ஓடும்னு."

எல்லாப் பேனாக்களும் ஓட ஆரம்பித்தன.

மார்ச் 20

எல்லாப் பத்திரிகைகளிலும் முதல் பக்கம். யாரும் எதையும் திரிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே போட்டிருக்கிறார்கள், அதுவே போதுமானதாக இருக்கிறது. மறுக்கும்போது நோயின் பெயரை உச்சரிக்கவே கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுத்தவன் நான்!

மார்ச் 21

அக்கா வீட்டுக்கு வரச் சொன்னார். பத்திரிகை மடியில் இருந்தது. அவர் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"இதை எங்கிட்டதானே முதல்ல சொல்லச் சொன்னேன்? ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வந்து நிக்கிற."

திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 24

ராஜினாமா அறிக்கையை எழுத என்னையே உட்கார வைத்தது கட்சி. "குடும்பத்தினருடன் கூடுதல் நேரம் செலவிட விரும்பி" — இன்னும் எத்தனை பேருக்கு இதை எழுதப்போகிறேனோ. அக்கா நிதானமாகப் படித்தார்.

"நல்லாருக்கு. இதுல நான் எங்க இருக்கேன்?"

பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 2

வேலை இல்லை. தொலைபேசி அடிக்கவில்லை. மனைவி எதுவும் கேட்பதில்லை.

ஏப்ரல் 15

அக்காவிடம் துணை அமைச்சராக இருந்தவர்தான் இப்போது அமைச்சர். கூப்பிட்டு அனுப்பினார். செருப்பால் அடிப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். எழுந்து வந்து கைகொடுத்தார்.

"லிப்டைப் பத்திக் கேட்டா இதைச் சொன்னீங்க பாருங்க! எனக்கு அன்னிக்கே புரிஞ்சிடுச்சு. நேரடியா ஒரு வார்த்தை கிடையாது, மறுக்கிற மாதிரியே ஆளைக் காலி பண்ணிட்டீங்க. நான் கேக்காமயே எனக்குச் செஞ்சிருக்கீங்க. மறக்க மாட்டேன்."

இல்லை ஐயா, நாக்கு குளறிவிட்டது, பயத்தில் உளறினேன் — சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"நன்றிங்க" என்றேன்.

ஏப்ரல் 16

மனைவியிடம் வேலை கிடைத்துவிட்டது என்றேன். "எப்படி?" என்றாள். திறமையைப் பார்த்து என்றேன்.

ஜூன் 12

தேர்தலில் ஜெயித்துவிட்டோம். நான் இப்போது தகவல் தொடர்பு ஆலோசகர். தனி அறை, பெயர்ப்பலகை. தங்கள் எதிராளியைப் பற்றி "அந்த மாதிரி ஒரு மறுப்பு" வேண்டும் என்று ஆட்கள் வருகிறார்கள். வெளியூர்களிலிருந்தும் வருகிறார்கள். கொக்கி ஒரு தடவை எதிர்ப்பட்டான்.

"அன்னிக்கு நீ தெரிஞ்சா சொன்ன?"

"நீ என்ன நினைக்கிற?"

"நீ பயந்துட்டன்னுதான் நினைச்சேன்" என்றான். "இப்ப அப்படி நினைக்கல."

இந்த உலகத்தில் என்னை நம்பிய கடைசி ஆள். அவனையும் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 30

அக்காவைப் பார்க்கப் போனேன். இத்தனை நாள் ஏன் போகவில்லை என்று எழுத வேண்டியதில்லை.

கதவைத் திறந்தவர் அவர் கணவர். இளைத்திருக்கிறார். "உள்ள இருக்கா. காலையிலேயே ஆபீஸ் கிளம்புற மாதிரி ரெடியாகி உக்காந்துடுவா. நீ எதையும் மறுத்துப் பேசாத" என்றார்.

கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலையை ஒழுங்காக வாரியிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த மேடைச் சிரிப்பு.

"வாங்க சார். எந்தப் பத்திரிகை?"

நான் பழைய பத்திரிகையின் பெயரைச் சொன்னேன்.

"நேரமாச்சு, சுருக்கமா சொல்றேன். எனக்கு உடம்பு சரியில்லைன்னு வெளியில பேசிக்கிறாங்களாம். எங்க தம்பி ஒருத்தன் இருக்கான், என் செய்தி வேலையெல்லாம் அவன்தான். எனக்கு முடியாமப் போனா எங்கிட்ட வந்து சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கான். இன்னும் அவன் ஒண்ணும் சொல்லல. அதனால நான் நல்லாத்தான் இருக்கேன்."

என் கையைப் பார்த்தார். அது சும்மா இருந்தது.

"எழுதிக்கோங்க சார்."

பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன்.